சீமைக்குத் தூதர், சொந்த நாட்டில் தனித்தொகுதி!

சமீப காலமாக நமது எதிரிகள் ஒரு தந்திரமான பிரசாரத்தைக் கைக்கொண்டிருக்கின்றார்கள். வகுப்புவாரி உரிமையைப் பற்றி நாம் வாயைத் திறந்த மாத்திரத்திலே, "இன்னும் எதற்கய்யா இந்த ஜாதிப் பேச்சு? தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்த கே. ஆர். நாராயணன் தேசம் தேசமாகத் தூதராகப் போய், பார்லிமெண்டு மெம்பராகி, மந்திரியாகி, 1997ல் குடியரசுத் தலைவராகவே ஆகிவிடவில்லையா? ஜெகஜீவன்ராம் மகள் மீரா குமாரும் வெளிநாட்டுத் தூதராலயங்களில் உத்தியோகம் பார்த்து, 2009ல் பார்லிமெண்டின் சபாநாயகராக உட்காரவில்லையா? படித்தால் எவனும் மேலே வரலாம். வராதவன் சோம்பேறி" என்பதாக அளக்கின்றார்கள்.

ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும், வேலூரைச் சுற்றிலுமுள்ள தோல் ஷாப்புகளிலே சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து வேலை செய்கின்ற தோழர்களின் பிள்ளைகள் காலேஜுக்குப் போய் உபகாரச் சம்பளத்தையும் ஒதுக்கீட்டையும் கேட்கும்போது அவர்கள் முகத்திலே வீசப்படுகின்ற பேச்சும் இதுவேதான். ஆதலால் இதைச் சும்மா விட்டுவிடுவதற்கில்லை. எதிரிகள் எந்த இருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கின்றார்களோ, அந்த இருவருடைய சரித்திரத்தையே எடுத்துக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். சாட்சி யார் பக்கம் பேசுகின்றது என்பது அப்பொழுது தானே விளங்கிவிடும்.

கோயிலும் காலேஜும்

தோழர் நாராயணன் திருவாங்கூர் சமஸ்தானத்திலே உழவூர் என்னும் கிராமத்தில் 1920ல் பிறந்தவர். வைக்கம் இருக்கின்ற அதே கோட்டயம் ஜில்லாதான். அவர் சிறு குழந்தையாயிருந்த காலத்தில், 1924ல், அந்த வைக்கத்திலே கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக்கூடாது என்பதை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்ததும், பெரியார் அங்கே போய் இரண்டு தடவை சிறை சென்றதும் நம் வாசகர்கள் அறிந்ததே. நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், மனிதன் நடக்கக்கூடாது என்றிருந்த ஊர்ப்பக்கம் அது.

அப்படிப்பட்ட இடத்திலே, நாட்டு வைத்தியம் செய்து பிழைத்த ஏழைத் தகப்பனாருக்குப் பிள்ளையாகப் பிறந்து, வயல் வரப்புகளில் தினமும் பல மைல் நடந்து பள்ளிக்கூடம் போய், சம்பளம் கட்ட வழியில்லாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டு, புத்தகம் வாங்கப் பணமின்றித் தமையனார் இரவல் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்ததைப் படித்து, 1943ல் திருவாங்கூர் சர்வகலாசாலையில் இங்கிலீஷ் இலக்கியத்தில் எம்.ஏ. பரீட்சை எழுதி முதலாவதாகத் தேறினார்.

அப்புறம் என்ன நடந்தது? முதலாவதாகத் தேறிய அவர் காலேஜ் உபாத்தியாயர் உத்தியோகம் கேட்டபோது, திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர் அதற்கு இணங்காமல், வேண்டுமானால் குமாஸ்தா வேலை பார்க்கலாம் என்று சொன்னதாகவும், அந்தக் குமாஸ்தா உத்தியோகத்தையும் வேண்டாம், உங்கள் பட்டமளிப்பு விழாவும் வேண்டாம் என்று உதறிவிட்டு அவர் டெல்லிக்கு ரயிலேறியதாகவும் அவரது வாழ்க்கையை எழுதினவர்கள் பலரும் எழுதியிருக்கின்றார்கள்.

இந்தத் திவான் யார் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். 1936 நவம்பர் 12ந் தேதி திருவாங்கூர் கோயில்களையெல்லாம் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்டதாக ராஜாவின் பிரகடனம் வெளிவந்தபோது திவானாயிருந்தவர் இதே சர் சி. பி. தான். தேசிய பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்து தள்ளின. "ஆகா, என்ன தாராளம்!" என்று வாயாரச் சொன்னார்கள். 1936ல் கோயில் கதவைத் திறந்த அதே கைக்கு 1943ல் காலேஜ் கதவைத் திறக்க ஏன் மனம் வரவில்லை?

காரணம் மிகவும் சுலபமானது. கோயிலுக்குள் போகிறவன் காசு கொடுக்கின்றான். காலேஜுக்குள் உபாத்தியாயராகப் போகிறவன் சம்பளம் வாங்குகின்றான். கோயிலில் தாழ்த்தப்பட்டவன் நுழைந்தால் உண்டியலுக்கு லாபமே தவிர, அர்ச்சகன் ஸ்தானத்திற்கு யாதொரு நஷ்டமும் இல்லை. உத்தியோகத்தில் நுழைந்தாலோ உட்கார்ந்திருப்பவனுடைய மைத்துனனுக்கும் மருமகனுக்கும் ஒரு நாற்காலி குறைகின்றது. அதனால்தான் சாமியைத் தாராளமாகக் கொடுத்தார்கள், சம்பளத்தைக் கொடுக்கவில்லை. கோயில் பிரவேசத்தை விட உத்தியோகப் பிரவேசமே முக்கியம் என்று சுயமரியாதைக்காரர்கள் ஆதி முதல் சொல்லி வந்ததற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

இரண்டு தராசு

டெல்லிக்குப் போனவர் சிறிது காலம் பத்திரிகைகளிலே வேலை பார்த்தார். டாட்டா உபகாரச் சம்பளத்தில் 1945ல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். அங்கே ஹெரால்ட் லாஸ்கி என்னும் பேர்பெற்ற ஆசிரியர் இவருடைய அறிவைக் கண்டு, ஜவஹர்லால் நேருவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1949ல் நேரு இவரை வெளிநாட்டு இலாகாவிலே சேர்த்தார். ரங்கூனில் தொடங்கி, சயாமுக்கும் துருக்கிக்கும் தூதராயிருந்து, 1962 சண்டைக்குப் பிறகு பல ஆண்டுகள் தூதரே இல்லாமல் கிடந்த சீனாவுக்கு 1976ல் மறுபடி தூதர் அனுப்ப நேர்ந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவரே. 1980 முதல் 1984 வரை அமெரிக்காவிலும் இந்தியாவின் தூதர் இவர்தான்.

இப்பொழுது சொல்லுங்கள். திவான் எடை போட்டதிலே குமாஸ்தா. லாஸ்கி எடை போட்டதிலே ராஜதந்திரி. மனிதன் ஒருவன்தான், படிப்பும் ஒன்றுதான், தராசுதான் வேறு. இதில் "தகுதி, திறமை" என்பது எங்கே இருக்கின்றது? எடை போடுகிறவன் கண்ணிலே ஜாதி இருந்தால் தங்கமும் தகரமாகத்தானே தெரியும்?

நம் ஆம்பூர்த் தோல் ஷாப்பிலே தோலைத் தரம் பிரிக்கின்ற தொழிலாளி கையால் தடவிப் பார்க்கின்றான். கீறல் உண்டா, பருமன் சீராயிருக்கின்றதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கின்றான். அது எந்தத் தெருவிலே மேய்ந்த மாட்டின் தோல் என்று விசாரித்துத் தரம் போடுகின்றானா? அவனுக்குள்ள அறிவும் நாணயமும் ஒரு சமஸ்தானத்துத் திவானுக்கு இல்லாமல் போயிற்று.

அன்று நாராயணன் வயிற்றுப்பாட்டுக்காக அந்தக் குமாஸ்தா உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டிருப்பாரேயானால், ஒரு கச்சேரியின் மூலையிலே கட்டுக் காகிதங்களுக்கு நடுவில் அவர் ஆயுள் தீர்ந்து போயிருக்கும். அப்படித் தீர்ந்துபோன நாராயணன்கள் எத்தனை பேர்? குமாஸ்தா வேலை கூடக் கிடைக்காமல் கலப்பைக்கும், தோல் தொட்டிக்கும், மலக் கூடைக்கும் போனவர்கள் எத்தனை பேர்? ஒருவர் தப்பி வந்ததைக் காட்டி "வலையே இல்லை" என்று சொல்லுகின்றவனை என்னவென்று சொல்வது? தப்பி வந்த மீனல்லவா வலை இருப்பதற்குச் சாட்சி!

தனித்தொகுதி ரகசியம்

நிற்க, இதுவரை சொன்னது வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் சுயராஜ்ய காலத்துக்கு வருவோம்.

சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் தூதராயிருந்து திரும்பிய நாராயணனை 1984ல் காங்கிரசுக்காரர்கள் பார்லிமெண்டுக்கு நிறுத்தினார்களே, எங்கே நிறுத்தினார்கள்? மலையாளத்திலே ஒற்றப்பாலம் தொகுதியில். அது தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 1984, 1989, 1991 ஆகிய மூன்று தடவையும் அங்கேதான் நின்றார், ஜெயித்தார்.

மீரா குமார் அம்மையார் 1973ல் வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்து, ஸ்பெயின், இங்கிலாந்து, மொரீஷியசு முதலிய இடங்களிலே உத்தியோகம் பார்த்து, அதை விட்டு 1985ல் தேர்தலுக்கு வந்தார். நின்ற இடம் பிஜ்னோர், அதுவும் தனித்தொகுதி. அங்கே இவரை எதிர்த்து நின்றவர்கள் மாயாவதியும் ராம்விலாஸ் பாஸ்வானும். தாழ்த்தப்பட்டோரில் தலையெடுத்த மூன்று பேரை ஒரே தொட்டியில் தள்ளி மோதவிட்டு மேல்ஜாதிக்காரர்கள் கரையிலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அம்மையார் ஜெயித்த டெல்லி கரோல்பாக்கும், பீகார் சசராமும் தனித்தொகுதிகளேதான்.

அதே வெளிநாட்டு இலாகாவிலிருந்து அரசியலுக்கு வந்த மற்றவர்களைப் பாருங்கள். மணிசங்கர் அய்யர் 1989ல் உத்தியோகத்தை விட்டார். 1991ல் மயிலாடுதுறைப் பொதுத் தொகுதியில் நின்று ஜெயித்தார். அவர் பிறந்த வகுப்பார் அந்தத் தொகுதி ஜனங்களிலே எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணுகின்ற அளவுதானே? ஆனாலும் "உம்முடைய ஜாதிக்கு இங்கே ஓட்டு இல்லையே, நீர் எப்படி நிற்கலாம்?" என்று கட்சிக்காரன் எவனும் கேட்கவில்லை. நட்வர் சிங் 1984ல் உத்தியோகத்தை விட்டுப் பரத்பூரில் நின்றார். பரத்பூர் ராஜ குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜெய்சங்கர் 2018ல் வெளிநாட்டு இலாகா காரியதரிசி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2019 மே மாதத்தில் நேரே மந்திரியானார். அதற்குப் பின்புதான் குஜராத்திலிருந்து ராஜ்ய சபைக்கு மெம்பரானார். ஓட்டுக்காக ஒரு வீட்டு வாசற்படியும் ஏறவேண்டியிருக்கவில்லை.

இவர்களுடைய படிப்பையோ திறமையையோ நாம் குறை கூற வரவில்லை. நாம் கேட்பதெல்லாம், இவர்களுக்கு எந்த ஊரும் சொந்த ஊர், எந்தத் தொகுதியும் பொதுத் தொகுதி என்று ஆகும்போது, நாராயணனுக்கும் மீரா குமாருக்கும் மட்டும் தனித்தொகுதியைத் தவிர வேறு இடம் அகப்படாமற் போனதேன் என்பதுதான். உலகத்துக்கெல்லாம் இந்தியாவின் பிரதிநிதியாக அனுப்பத் தகுந்தவரை, இந்தியாவிலேயே ஒரு பொதுத் தொகுதிக்குப் பிரதிநிதியாக நிறுத்தத் துணிவில்லை என்றால், வெளிநாட்டானுக்குக் காட்டியது வேஷம் என்றல்லவா ஆகின்றது?

தனித்தொகுதி வேண்டாம் என்று சொல்லுகிறோம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் இவ்விருவருடைய முகத்தையும் பார்லிமெண்டு பார்த்திருக்காது. பொதுத் தொகுதி என்று பெயரை வைத்துக்கொண்டு, அதை மேல்ஜாதிக்காரனுக்கும் பணக்காரனுக்கும் தனித்தொகுதி ஆக்கியிருக்கின்ற புரட்டைத்தான் கண்டிக்கின்றோம். பொதுத் தொகுதியில் நிறுத்தினால் ஜனங்கள் ஓட்டுப் போடமாட்டார்கள் என்பதும் வெறும் சாக்கேயாகும். 2001ல் நம் திருச்சிப் பொதுத் தொகுதி இடைத்தேர்தலிலே தலித் எழில்மலை ஜெயித்தார். 2024ல் அயோத்தி அடங்கிய பைசாபாத் பொதுத் தொகுதியிலே, ராமன் கோயிலைத் திறந்த சூட்டோடு நடந்த தேர்தலில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத் ஜெயித்தார். ஜனங்கள் போடுகிறார்கள், கட்சித் தலைவர்கள்தான் நிறுத்துவதில்லை.

பதவிக்குப் பின்னும் பட்டம்

1997ல் குடியரசுத் தலைவர் தேர்தலிலே நாராயணனை எதிர்த்து டி. என். சேஷன் நின்றார். நாராயணனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓட்டு விழுந்தது. அன்றைய தினம் பத்திரிகைகளெல்லாம் "தலித் ஜனாதிபதி" என்றே எழுதின. இதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ராஜேந்திர பிரசாத்தையும், ராதாகிருஷ்ணனையும், வெங்கட்ராமனையும் ஜாதிப் பெயர் சேர்த்து எழுதினார்களா? 2017ல் ராம்நாத் கோவிந்தும் மீரா குமாரும் எதிர் எதிராக நின்றபோது, இதற்கு முன்னெல்லாம் வேட்பாளரின் ஜாதியைப் பற்றிப் பேசாதவர்கள் இப்போது அதை மட்டும் பேசுவதேன் என்ற கருத்தில் அம்மையாரே மனம் நொந்து கேட்டார். மேல்ஜாதிக்காரன் ஜெயித்தால் அவனுடைய திறமை; தாழ்த்தப்பட்டவன் ஜெயித்தால் நாம் கொடுத்த தர்மம்! இதுதான் அவர்கள் கணக்கு.

நாற்காலியில் உட்கார்ந்து சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் நாராயணனை அவர்கள் கடைசி வரையில் புகழ்ந்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. மந்திரி சபை அனுப்பிய தீர்மானம் முறையில்லை என்று கண்டபோது 1997லும் 1998லும் திருப்பியனுப்பினார். சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகளை நியமிக்கும்போது தாழ்த்தப்பட்டவர்களையும் பழங்குடியினரையும் பெண்களையும் கவனிப்பது நலம் என்று தஸ்தாவேஜியிலே எழுதினார். உடனே பார்க்க வேண்டுமே கூச்சலை! "தகுதி போச்சு, திறமை போச்சு" என்று ஒரே ஓலம். அந்தக் கோர்ட்டில் முதல் தாழ்த்தப்பட்ட ஜட்ஜாக நம் தமிழ்நாட்டு வரதராசன் உட்கார்ந்ததே 1980ல்தான். அதற்கு முந்தின முப்பது வருஷமும் அங்கே இருந்தது தகுதியா, அக்கிரகாரமா? அரசியல் சாசனத்தையே திருத்தி எழுதுவோம் என்று ஆளுங்கட்சியார் புறப்பட்டபோது, 2000ம் வருஷம் ஜனவரியிலே, சாசனம் நம்மைக் கைவிட்டதா, நாம் சாசனத்தைக் கைவிட்டோமா என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டவரும் அவரேதான்.

தோலும் தீட்டும்

மீரா குமாருடைய தகப்பனார் ஜெகஜீவன்ராம் பிறந்தது, தோல் வேலை செய்கின்றவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சமார் வகுப்பிலே. ஆதலால் இது நம் பாலாற்றங்கரைத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய சங்கதியாகும்.

1978ல் அவர் இந்திய ராணுவ மந்திரி. காசியிலே சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்து வைத்தார். அவர் போன பிறகு அந்தச் சிலைக்குத் தீட்டு வந்துவிட்டதென்று கங்கை ஜலம் கொண்டு வந்து கழுவினார்கள். எல்லையைக் காக்கின்ற ராணுவம் அவர் உத்தரவில். கல்லைத் தொட அவருக்கு யோக்கியதை இல்லை! எரிந்ததும் எரியாததுமான பிணமெல்லாம் மிதக்கின்ற ஜலம் சுத்தமாம். மனிதன் கை அசுத்தமாம்! மகள் கதை இன்னும் விசேஷம். லண்டனிலே வாடகைக்கு வீடு தேடியபோது, இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய வீட்டுக்காரர், அதுவும் கிறிஸ்தவர், "நீங்கள் பிராமணரா?" என்று கேட்டாராம். இல்லை, தாழ்த்தப்பட்ட வகுப்பு என்று சொன்ன பின் வீடு கொடுக்கவில்லை என்று அம்மையாரே ஒரு கூட்டத்தில் சொன்னார். கப்பலேறினாலும், கடல் தாண்டினாலும், மதம் மாறினாலும் ஜாதி கூடவே வருகின்றது பாருங்கள்!

ஆனால் தோலுக்கு மட்டும் தீட்டில்லை. ஆம்பூரில் பதனிட்ட தோல் சீமைக்குப் போய்ச் சீமான்களின் காலை அலங்கரிக்கின்றது. மிருதங்கமாகிச் சங்கீத வித்வானின் மடியில் ஏறுகின்றது. தோல் விற்ற பணம் பாங்கிக்குப் போகின்றது. அங்கே அதை எண்ணுகின்றவன் குளித்துவிட்டு எண்ணுவதில்லை. தோல் தொட்டால் தீட்டு, தோல் பணம் தொட்டால் தீட்டில்லை என்கின்ற சாஸ்திரத்தை எந்த ரிஷி எழுதினான்?

நம் வீட்டு அழுக்கு

எல்லாவற்றையும் பார்ப்பனர் தலையிலே போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொண்டால் அது யோக்கியமாகாது. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரம் என்று ஓர் ஊர். 2019 ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊர்த் தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவருடைய பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நிலக்காரர்கள் வழி விடாததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. சென்னை ஹைக்கோர்ட்டு தானாகவே அதைக் கையிலெடுத்துச் சர்க்காரைக் கேள்வி கேட்டது. வழியை மறித்தவர்கள் அக்கிரகாரத்தாரா? இல்லையே! பார்ப்பான் தன்னைச் சூத்திரன் என்கிறான் என்று ரோஷப்படவேண்டியவர்கள், தனக்குக் கீழே ஒருவனை வைத்துக்கொண்டு, செத்த பிறகும் அவனை வழி மறித்தார்கள். நாராயணன் என்ற பெயருள்ளவர் ராஷ்டிரபதி மாளிகைக்குப் போன 22 வருஷம் கழித்து, நாராயணபுரத்துக்காரர் சுடுகாட்டுக்குப் போக வழியில்லை. இதற்குப் பெயர் ஜாதி ஒழிந்தது என்பதா? தன் கீழ்ப்படியைக் காலால் மிதித்துக்கொண்டு மேற்படிக்காரனிடம் சமத்துவம் கேட்பவனுக்குச் சுயமரியாதை என்ற வார்த்தையை உச்சரிக்கவே உரிமையில்லை என்று சொல்லுவோம்.

செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே! நாராயணன் படத்தை மாட்டி மாலை போடுவதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். படத்துக்கு மாலை போடுவதிலே எதிரிக்கும் ஆட்சேபணை இல்லை. அவனும் கூட வந்து போடுவான். அவன் பயப்படுவது, நாராயணனைப் போல உதறிவிட்டு எழுந்திருக்கின்றவன் ஊருக்கு ஊர் கிளம்பிவிடுவானோ என்பதற்குத்தான்.

உங்கள் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் தர வேண்டியதைத் தராமல் இழுத்தால், பிச்சை கேட்பது போலக் கெஞ்சாதீர்கள், உரிமையென்று கேளுங்கள். தேர்தலிலே ஓட்டுக் கேட்டு வருகின்ற எந்தக் கட்சிக்காரனையும், "பொதுத் தொகுதியிலே எத்தனை தாழ்த்தப்பட்டவரை நிறுத்தினாய்?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நிலமுள்ள தோழர்கள், உங்கள் வரப்பின் வழியாகப் பிணம் போனால் பயிர் பட்டுப்போகாது என்பதை முதலில் உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். "ஒருவர் மேலே வந்துவிட்டாரே" என்று சொல்லுகின்றவனிடம், "மற்றவர்களை யார் கீழே பிடித்து வைத்திருக்கின்றான்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆம்பூர்த் தோலைச் சீமைக்காரன் மெச்சிய பிறகுதான் அதற்கு விலை வந்தது. திருவாங்கூர் மனிதனை லாஸ்கி மெச்சிய பிறகுதான் அவருக்கு வழி வந்தது. நம் மனிதரின் மதிப்பை நாமே அறிவதற்கு இன்னும் எத்தனை காலம் அன்னியனுடைய சர்ட்டிபிகேட்டுக்குக் காத்திருப்பது?